மூலக்கூறு ஆடுது, கம்ப்யூட்டர் வாசிக்குது... தெரியுமா?

உங்கள் வீட்டு அலமாரியில் கிடக்கும் பாராசிட்டமால் மாத்திரை சும்மாதான் கிடக்கிறது என்று நினைக்கிறீர்களா? அதற்குள் இருக்கும் ஒவ்வொரு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பும் விநாடிக்குச் சுமார் 90 லட்சம் கோடி தடவை நீண்டு சுருங்கிக்கொண்டே இருக்கிறது! அதே வேகத்தில் அதிரும் ஒளி வந்து மோதினால், பிணைப்பு அந்த ஒளியை அப்படியே விழுங்கிவிடும். அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. எந்த இடத்தில் எவ்வளவு ஒளி காணாமல் போனது என்று வரைந்தால் கிடைக்கும் கோணல்மாணலான கோடுதான் ஐ.ஆர். ஸ்பெக்ட்ரம். எம்.எஸ்சி. வேதியியல் படித்தவர்கள் இந்தக் கோட்டை வைத்துக்கொண்டு தேர்வுக் கூடத்தில் விழித்திருப்பார்கள். இன்று அந்தக் கோட்டை மென்பொருள் வாசிக்கிறது. எப்படி வாசிக்கிறது, எங்கே சறுக்குகிறது என்று பார்த்தால் தலை சுற்றும்.

காபியில் இருக்கும் கஃபீனில் மொத்தமே 24 அணுக்கள். அது எத்தனை விதமாக ஆடும் தெரியுமா? 66 விதமாக! கணக்கு எளிது: அணுக்களின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி ஆறைக் கழிக்க வேண்டும். ஆனால் ஆடுகிற ஆட்டமெல்லாம் ஐ.ஆரில் தெரிந்துவிடாது. பென்சீனுக்கு 30 அதிர்வுகள் உண்டு. இலக்கணப்படி அவற்றில் அகச்சிவப்பை விழுங்குபவை நான்கே நான்கு பட்டைகள். ஆட்டத்தில் மின்னூட்டம் ஒரு பக்கம் சாய்ந்தால்தான் ஒளி பிடிபடும். பென்சீன் அவ்வளவு சமச்சீரானது, ஆடினாலும் பெரும்பாலும் சாய்வதில்லை. அதன் மீதி ஆட்டங்களில் சில, திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928-இல் கண்டுபிடித்த விளைவில் தெரியும். நடுப்புள்ளியைச் சுற்றிச் சமச்சீராக இருக்கும் மூலக்கூறுகளில், ஐ.ஆரில் தெரிவது ராமனில் தெரியாது, ராமனில் தெரிவது ஐ.ஆரில் தெரியாது. இதைவிடக் கறாரான பாகப்பிரிவினை இயற்பியலில் அபூர்வம்.

இன்னொன்று. நம்மைச் சூழ்ந்த காற்றில் 99 சதவீதம் நைட்ரஜனும் ஆக்சிஜனும். இரண்டுமே அகச்சிவப்பைத் தொடுவதில்லை. தொட்டிருந்தால் திறந்த அறையில் ஐ.ஆர். எடுப்பதே நடக்காது!

சரி, முதலில் இதைப் பெரிய அளவில் உட்கார்ந்து அளந்தவர் யார்? அமெரிக்காவின் வில்லியம் கோப்ளென்ட்ஸ். கார்னல் பல்கலைக்கழகத்தில், இந்துப்பால் செய்த பட்டகத்தைத் திருப்பித் திருப்பி, ஒவ்வொரு புள்ளியிலும் கருவி எவ்வளவு அசைவு காட்டியது என்று கண்ணால் பார்த்துக் கையால் எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட சேர்மங்கள்! வாஷிங்டன் கார்னகி நிறுவனம் 1905-இல் அதைப் புத்தகமாக வெளியிட்டது. கண்ணாடி அகச்சிவப்பைத் தடுத்துவிடும், உப்பு விடும். அதனால்தான் இந்துப்பு. அதே மனிதர் மின்மினிப் பூச்சியின் ஒளியையும் ஆராய்ந்தார், 1920-களில் தொலைநோக்கி வழியே செவ்வாய்க் கிரகத்தின் வெப்பநிலையையும் அளந்தார். செவ்வாய் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் மறுபடி வரும்.

கையால் எழுதிய காலத்தை முடித்துவைத்தது போர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவுக்கு இயற்கை ரப்பர் வரத்து அடைபட்டது. செயற்கை ரப்பர் செய்ய வேண்டும். அதன் மூலப்பொருளில் நான்கு கார்பன் கொண்ட, ஒன்றுக்கொன்று அச்சு அசலாகத் தோன்றும் ஹைட்ரோகார்பன்கள் கலந்து கிடக்கும். அவற்றைப் பிரித்தறிய ஷெல் நிறுவனத்தின் ராபர்ட் பிராட்டெய்ன் ஒரு கருவியை வடிவமைத்தார். 1942-இல் பெக்மன் நிறுவனம் அதை ஐ.ஆர்.–1 என்ற பெயரில் செய்தது. இந்த ராபர்ட்டின் அண்ணன் யார் தெரியுமா? டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய மூவரில் ஒருவரான வால்டர் பிராட்டெய்ன்! அண்ணன் கண்டுபிடித்தது இல்லையென்றால் இன்று ஸ்பெக்ட்ரத்தை வாசிக்கும் கம்ப்யூட்டரே இல்லை.

அதே போர்க்காலத்தில்தான் பென்சிலினின் அமைப்பு பெரும் சண்டையாக இருந்தது. அதற்குள் நான்கு மூலை கொண்ட ஒரு சின்ன வளையம் இருக்கிறதா, இல்லையா? இங்கேதான் ஐ.ஆரின் மந்திரம். கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் இருக்கும் கார்போனைல் என்ற தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு கார்பன் வளையத்தில் அது ஒளியை விழுங்கும் இடம், அலைஎண் (ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை அலைகள்) கணக்கில், சுமார் 1715. வளையத்தை ஐந்தாகக் குறைத்தால் 1745. நான்காக இறுக்கினால் 1780! ஒளி காணாமல் போகும் அந்த இடத்துக்குப் பீக் என்று பெயர்; வளையம் நெருக்க நெருக்க அது மேலே ஏறுகிறது. பென்சிலினில் பீக் வந்த இடம் 1770-ஐ ஒட்டி. நான்கு மூலை வளையம் என்று ஐ.ஆர். கைகாட்டியது. டோரதி ஹாட்ஜ்கின் 1945-இல் எக்ஸ் கதிர் வழியாக அதையே உறுதி செய்தார்.

இப்படிச் சேர்ந்த அனுபவத்தையெல்லாம் ஒரே தாளில் அடக்கியவர் அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தின் நார்மன் கோல்தப். 1950-இல் வந்த அந்த வரைபடத்தில் இடமிருந்து வலமாக அலைஎண், மேலிருந்து கீழாக வினைச்செயல் தொகுதிகள். எந்தத் தொகுதிக்கு எங்கே பீக் என்று குட்டிக் குட்டிக் கோடுகள். உலகம் முழுக்க ஆய்வகச் சுவர்களில் ஒட்டப்பட்ட தாள். இன்று கணினியில் ஒரு எண்ணைத் தட்டினால் இது ஆல்கஹாலா, அமைனா என்று சொல்லும் குட்டி மென்பொருள்கள் இருக்கின்றனவே, அவற்றின் பாட்டன் அந்தத் தாள்தான். என் கணிப்பில், இந்தத் துறையில் எழுதப்பட்ட முதல் நிரலும் அதுவே. ஆய்வகத்தில் கம்ப்யூட்டர்தான் அப்போது இல்லை.

இல்லாவிட்டால் என்ன, ஓட்டை போட்ட அட்டை இருந்ததே! மிச்சிகனின் வையன்டாட் கெமிக்கல்ஸில் பணிபுரிந்த குயன்ட்ஸல் 1951-இல் ஒரு குறியீட்டு முறையை வெளியிட்டார். ஒரு சேர்மத்துக்கு ஒரு அட்டை. பீக் இருக்கும் இடத்துக்கு ஒரு ஓட்டை. கட்டுக்கட்டாக அட்டைகளைப் பிரிப்பானில் போட்டால், இந்த ஓட்டைகள் எல்லாம் உள்ள அட்டைகள் மட்டும் தனியே வந்து விழும். கூகுள் பிறப்பதற்குக் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு முன்பே மூலக்கூறுத் தேடல்!

இப்போது செவ்வாய்க்குப் போவோம். இந்தத் துறையின் ஆகப்பெரிய சறுக்கல் அங்கேதான் நடந்தது, தெரியுமா? 1950-களின் இறுதியில் வில்லியம் சின்டன் என்ற வானியலாளர் செவ்வாயிலிருந்து வரும் அகச்சிவப்பை அளந்தார். பலோமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கியையும் பயன்படுத்தினார். அவருக்கு மூன்று பள்ளங்கள், அதாவது பீக்குகள், தெரிந்தன: 3.43, 3.56, 3.67 மைக்ரான். கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு ஒளியை விழுங்கும் பிரதேசம் அது! செவ்வாயில் தாவரம் இருக்கிறது என்பதற்கான சான்று என்று எழுதினார். உலகம் துள்ளிக் குதித்தது.

அடுத்து வந்தவர் யார் தெரியுமா? சுவரில் ஒட்டிய அந்தத் தாளின் சொந்தக்காரர் கோல்தப்பேதான்! 3.56, 3.67 மைக்ரான்களை அலைஎண்ணாக மாற்றினால் ஏறத்தாழ 2810, 2725. வேதியியல் மாணவர் யாரை வேண்டுமானாலும் எழுப்பிக் கேளுங்கள்: 2820-ஐயும் 2720-ஐயும் ஒட்டி இரட்டைப் பீக் என்றால் ஆல்டிஹைடு! கோல்தப் 1961-இல் சயின்ஸ் இதழில் அதைத்தான் எழுதினார். செவ்வாயின் தாவரப் பகுதிகளில் ஆல்டிஹைடு. விதிப்படி பார்த்தால் அப்பழுக்கில்லாத விடை.

விடை தப்பு. 1965-இல் உண்மை வெளிவந்தது. அந்தப் பள்ளங்களில் இரண்டு செவ்வாயுடையதே அல்ல, நம் தலைக்கு மேலே இருக்கும் நீராவியுடையது! தண்ணீரின் இரண்டு ஹைட்ரஜன்களில் ஒன்று கனமான டியூட்டீரியமாக மாறிய மூலக்கூறுகள் இயற்கையிலேயே சொற்பமாக உண்டு. ஹைட்ரஜன் கனத்தால் ஆட்டம் தளர்ந்து கீழே இறங்கும். ஆக்சிஜன்–டியூட்டீரியம் பிணைப்பு இறங்கி வந்து நிற்கும் இடம் ஏறக்குறைய 2725. ஆல்டிஹைடின் திண்ணையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது! தாவரம் என்று சொன்ன சின்டனே அந்தத் திருத்தக் கட்டுரையிலும் ஒரு ஆசிரியர். தன் கண்டுபிடிப்பைத் தானே ரத்து செய்யும் தைரியம் எத்தனை பேருக்கு வரும்?

அதோடு முடிந்ததா? 1969 ஆகஸ்டில் மரைனர் 7 விண்கலம் செவ்வாயின் தென் துருவத்தைக் கடந்தது. அதன் ஐ.ஆர். கருவியை இயக்கிய ஜார்ஜ் பிமென்டலும் கென்னத் ஹெர்ரும் சில நாட்களிலேயே பத்திரிகையாளர்களைக் கூட்டி, மீத்தேனும் அம்மோனியாவும் தெரிகின்றன என்று அறிவித்தார்கள். பிமென்டல் சாதாரண ஆள் இல்லை, இந்தத் துறையின் ஜாம்பவான். ஆனால் அந்தப் பட்டைகள் உறைந்த கார்பன் டை ஆக்சைடுடையவை என்று பிறகு தெரிந்தது. அதே கிரகம், அதே 3 மைக்ரான் சுற்றுவட்டாரம், பன்னிரண்டு வருடத்துக்குள் இரண்டாவது தடவை. ஒரு பீக் ஒரே ஆளுக்கு மட்டும் சொந்தமில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

கருவிக்குள் என்ன நடக்கிறது என்பது இன்னும் வேடிக்கை. இன்றைய எஃப்.டி.ஐ.ஆர். கருவி ஸ்பெக்ட்ரத்தைப் பார்ப்பதே இல்லை, தெரியுமா? உள்ளே ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு ஆடி முன்னும் பின்னும் நகர்கிறது. எல்லா அலைகளும் ஒரே நேரத்தில் ஒன்றின்மேல் ஒன்று மோதி, நடுவில் ஒரு குத்தும் இருபுறமும் தேயும் நெளிவுகளுமாக ஒரு கோடு பதிவாகிறது. அதைப் பார்த்து எந்த நிபுணராலும் எதுவும் சொல்ல முடியாது. ஃபூரியே மாற்றம் என்ற கணக்கைப் போட்டு ஸ்பெக்ட்ரத்தைப் பிரசவிப்பதே மென்பொருள்தான். கூலி, டூக்கி என்ற இரு கணித வல்லுநர்கள் 1965-இல் அந்தக் கணக்குக்கு ஒரு மின்னல்வேகக் குறுக்குவழி கொடுத்தார்கள். 1969-இல் டிஜிலேப் நிறுவனம் மினி கம்ப்யூட்டரோடு சேர்த்தே கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பிறந்த கோட்டில் இரைச்சல் இருந்தால் தேய்த்துச் சீராக்கவும் ஒரு கணக்கு உண்டு. பெர்கின்–எல்மர் நிறுவனத்தின் சவிட்ஸ்கியும் கோலேயும் 1964-இல் தந்தது. அந்தக் கட்டுரையின் எண் அட்டவணைகளில் பிழைகள் இருந்தன, 1972-இல் வேறு சிலர் திருத்தினார்கள் என்பது தனிக் கூத்து. இந்த மார்சல் கோலே 1949-இல் கண்டுபிடித்த பிழைதிருத்தக் குறியீட்டில்தான் வாயேஜர் விண்கலங்கள் வியாழன், சனிக் கோள்களின் வண்ணப் படங்களைப் பூமிக்கு அனுப்பின! ஒரே மூளை!

மனிதர் யோசிப்பதுபோல யோசிக்கும் நிரல் எப்போது வந்தது? 1980-இல், மெர்க் மருந்து நிறுவனத்தின் உட்ரஃபும் ஸ்மித்தும் வெளியிட்ட பேர்ஸ் நிரல் இதில் முன்னோடி. ஒரு நிபுணர் மனதுக்குள் ஓட்டும் கேள்விகளை விதிகளாக எழுதிவைத்தார்கள். இந்த இடத்தில் பீக் உண்டா? பலமானதா? அகலமானதா? உண்டென்றால் இந்தத் தொகுதிக்கு மதிப்பெண்ணை ஏற்று, இல்லையென்றால் இறக்கு. கடைசியில் ஒவ்வொரு தொகுதிக்கும் 0-க்கும் 1-க்கும் இடையே ஒரு எண். எனக்கு இதில் பிடித்த அம்சம், இதுபோன்ற நிரல்கள் ‘இல்லை’ என்று சொல்லும்போதுதான் அதிகம் நம்பலாம் என்பது. 1650-க்கும் 1850-க்கும் நடுவே வெறுமையாக இருந்தால் கார்போனைல் அநேகமாகக் கிடையாது, பேச்சு ஏறக்குறைய முடிந்தது. பீக் இருந்தாலோ, அது யாருடையது என்று விசாரணை நீளும். மென்பொருள் விற்பனைப் பிரதிநிதிகள் ஏனோ இந்த ‘இல்லை’யைப் பற்றிப் பேசுவதே இல்லை.

விசாரணை நீள்வதற்குப் பல சமயம் காரணம் சேர்மம்கூட இல்லை, தெரியுமா? கருவிப் பக்கத்தில் குனிந்து மூச்சு விட்டால் போதும், கார்பன் டை ஆக்சைடு 2349-இல் ஒரு பீக் போட்டுவிடும். புதிதாக வந்த மாணவர் அதை நைட்ரைல் என்று குறித்துக்கொள்வார். சேர்மத்தைக் கலந்து அழுத்தும் பொட்டாசியம் புரோமைடு வில்லை (கே.பி.ஆர். பெல்லட்) ஈரம் இழுத்திருந்தால் 3400 பக்கம் ஒரு பெரிய வயிறு தள்ளும், உடனே ஆல்கஹால் என்று எழுதிவிடுவார்கள். நல்ல மென்பொருள் இந்த இரண்டையும் கழித்துப் பார்க்கும் வசதியோடு வருகிறது. பொடியை வைரத்தின்மேல் அப்படியே அழுத்தி ஏ.டி.ஆர். முறையில் எடுத்தாலும் ஒரு சிக்கல் உண்டு. அலைநீளம் கூடக் கூட ஒளி மாதிரிக்குள் ஆழமாக இறங்கும். அதனால் குறைந்த அலைஎண் பீக்குகள் ஊதிப்போய்த் தெரியும். அதையும் மென்பொருள்தான் சரிக்கட்ட வேண்டும்.

அப்புறம் லைப்ரரி தேடல். பிலடெல்பியாவின் சாட்லர் ஆய்வகம் சேர்க்கத் தொடங்கிய ஸ்பெக்ட்ரங்கள் இன்று லட்சக்கணக்கில் விற்பனைக்கு இருக்கின்றன. உங்கள் கோட்டைக் கொடுத்தால் நொடியில் எல்லாவற்றோடும் ஒப்பிட்டு, பொருத்த மதிப்பெண்ணோடு வரிசைப்படுத்தித் தரும். இங்கேதான் ஜாக்கிரதை! கல்யாணத் தரகரிடம் ஜாதகம் கொடுத்தால், பொருத்தமான வரன் அவர் கட்டில் இல்லாவிட்டாலும் இருப்பதில் சிறந்ததை எடுத்து நீட்டுவார். இதுவும் அதே ரகம். உங்கள் சேர்மம் லைப்ரரியிலேயே இல்லை என்றாலும் முதலிடத்தில் ஒரு பெயர் ஜம்மென்று நிற்கும். ஆளுக்கொரு கோப்பு வடிவம் வைத்திருந்த கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கே 1988 வரை, ஜேகேம்ப்–டிஎக்ஸ் என்ற பொது வடிவம் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் பொருந்தினால் அது போலீஸுக்கே உதவும். கனடாவின் ராயல் மவுண்டட் போலீஸ் பராமரிக்கும் பி.டி.கியூ. என்ற தகவல்தளத்தில் கார் பெயின்ட்டுகளின் அடுக்கடுக்கான விவரங்கள், ஐ.ஆர். ஸ்பெக்ட்ரங்களோடு இருக்கின்றன. இடித்துவிட்டுப் பறந்த வண்டி விட்டுச்சென்ற பெயின்ட் துணுக்கு கிடைத்தால், எந்தக் கம்பெனி, எந்த மாடல், எந்த வருடத் தயாரிப்பு என்று தேடலைச் சுருக்கிவிடலாம். பால் பண்ணையிலும் இதே வித்தைதான்: கொழுப்பு 5.7 மைக்ரான் பக்கத்திலும், புரதம் 6.5 பக்கத்திலும், லாக்டோஸ் 9.6 பக்கத்திலும் மாட்டிக்கொள்ளும். கடலில் மிதக்கும் நுண்பிளாஸ்டிக் எந்த ரகம் என்று சொல்ல சிம்பிள், ஓப்பன் ஸ்பெக்கி என்று இலவச மென்பொருள்களே இருக்கின்றன.

லைப்ரரியே வேண்டாம், மூலக்கூறை வரைந்து கொடுத்தால் அதன் ஸ்பெக்ட்ரத்தைக் கணித்தே காட்டுகிறேன் என்கிறது குவாண்டம் வேதியியல் மென்பொருள். 1970-இல் ஜான் போப்பிள் குழு வெளியிட்ட காஸியன் நிரல் அதில் பிரபலம். போப்பிளுக்கு 1998-இல் நோபல். ஆய்வுக் கட்டுரைகளில் எங்கு திரும்பினாலும் தென்படும் பி3எல்ஒய்பி என்ற கணிப்பு முறை எதற்காக அரங்கேறியது தெரியுமா? 1994-இல் அதைப் பயன்படுத்திய ஸ்டீஃபன்ஸ் குழுவின் கட்டுரை, ஐ.ஆர். உறிஞ்சலையும் அதிர்வு வட்ட இருநிறத் தன்மையையும் கணிப்பது பற்றியது! அந்த இரண்டாவது சமாச்சாரம் எதற்கு என்கிறீர்களா? கார்வோன் என்று ஒரு சேர்மம். அதன் ஒரு வடிவம் ஸ்பியர்மின்ட் மணக்கும், அதன் கண்ணாடி பிம்பம் கேரவே விதை மணக்கும். நம் மூக்கு நொடியில் பிரித்துவிடும் இந்த இருவரையும் சாதாரண ஐ.ஆர். பிரிக்கவே பிரிக்காது. இரண்டும் ஒரே கோடு. பிரிக்க வேண்டுமானால் வட்டமாகச் சுழலும் ஒளி வேண்டும்.

இவ்வளவு பெரிய கணக்கின் கடைசிப் படி என்ன தெரியுமா? வந்த விடையைச் சுமார் 0.96-ஆல் பெருக்குவது! கணிப்பு பெரும்பாலும் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறது. நிஜப் பிணைப்பு இலட்சியச் சுருள்வில்லாக நடந்துகொள்வதில்லை. அதனால் ஒரு எண்ணால் மட்டம் தட்டிவிடுகிறார்கள். கொஞ்சம் அழுகுணி ஆட்டம்தான், ஆனால் பிரமாதமாகப் பொருந்துகிறது.

இனி செயற்கை நுண்ணறிவின் முறை. சூரிச் அருகே இருக்கும் ஐ.பி.எம். ஆய்வகம் 2024-இல் ஒரு வேலை செய்தது. மொழிபெயர்க்கும், உரையாடும் செயற்கை நுண்ணறிவுக்குப் பின்னால் இருக்கிற அதே டிரான்ஸ்ஃபார்மர் வடிவத்திடம் ஐ.ஆர். ஸ்பெக்ட்ரத்தையும் மூலக்கூறு வாய்பாட்டையும் கொடுத்து, முழு அமைப்பையும் எழுதச் சொன்னார்கள். வினைச்செயல் தொகுதி மட்டும் இல்லை, முழு மூலக்கூறு! 6 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிக் கணிப்பு ஸ்பெக்ட்ரங்களில் பாடம் படித்தது, சில ஆயிரம் நிஜ ஸ்பெக்ட்ரங்களில் மெருகேறியது. ஹைட்ரஜன் நீங்கலாக 6 முதல் 13 அணுக்கள் கொண்ட சேர்மங்களில், முதல் பதிலே சரியாக இருந்தது 44.4 சதவீதம். பத்துப் பதில்களுக்குள் சரியானது இருந்தது 69.8 சதவீதம். 1500-க்குக் கீழே இருக்கும் கைரேகைப் பகுதியை மனிதர்கள் குழப்பம் என்று தள்ளிவைப்பது வழக்கம்; இந்த நிரலோ அதையும் சேர்த்தே வாசித்தது. பத்தில் மூன்று தடவை பட்டியலிலேயே சரியான ஆள் இல்லைதான். ஆனாலும் ஐ.ஆரையும் வாய்பாட்டையும் மட்டும் பார்த்து முழு அமைப்பையும் சொல்லுங்கள் என்று எந்தப் பேராசிரியரிடமும் கேட்டுப்பாருங்கள். அவர் உங்களை என்.எம்.ஆர். என்ற இன்னொரு ஸ்பெக்ட்ரத்தை எடுத்துவரச் சொல்லி அனுப்பிவிடுவார்!

நீங்களே வாசித்துப் பார்க்க ஆசையா? ஜப்பானின் ஏ.ஐ.எஸ்.டி. நிறுவனம் நடத்தும் எஸ்.டி.பி.எஸ். தளம் இலவசம். ஆஸ்பிரினைத் தேடி ஐ.ஆரைத் திறங்கள். 1800-க்கும் 1650-க்கும் இடையே இரண்டு பெரிய பள்ளங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 1750-ஐ ஒட்டியிருப்பது எஸ்டர். 1690-ஐ ஒட்டியிருப்பது அமிலம். பழைய மாத்திரை ஈரம் பட்டுச் சிதையும்போது முதலில் காணாமல் போவது அந்த முதல் பள்ளம்தான்.